முழந்தாளிடாத இராணி

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாச் சந்தைக்குப் பின்னால் குடியிருக்கும் றெபேக்காவைத் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவள். மன்னார்க் கத்தோலிக்கரான பெனடிக்றைக் கட்டி, பலெர்மோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் மதம் மாறவில்லை. நகரின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில் வேலை. ஞாயிறுகளில் புருஷனோடு பூசைக்குப் போவாள். நற்கருணை வாங்கும் வரிசைக்கு மட்டும் எழும்பமாட்டாள்.

அந்த வருடப் பங்குத் திருநாளுக்கு, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் விமலராஜ் கூத்தொன்று எழுதினார். பழைய இங்கிலாந்தின் புரட்டஸ்தாந்து இராணி, அவளைக் கொல்லச் சதி செய்த கத்தோலிக்கப் பிரபுக்கள், அவள் தூக்கிலிட்ட ஒரு குரு. கடைசியில் குருவின் ஆவிக்கு முன்னால் இராணி முழந்தாளிட்டுக் கதறவேண்டும். அந்த வேடத்துக்கு ஒருத்தியும் முன்வரவில்லை.

“றெபேக்காக்கா கட்டட்டும். இராணி அவவின்ர ஆள்தானே!” என்றாள் மொனிகா. எல்லோரும் சிரித்தார்கள்.

“ஓம், கட்டுறன்,” என்றாள் றெபேக்கா.

பாட்டுப் பழகப் பழக அந்த இராணி அவளைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டில் நஞ்சு இருக்குமோ, கும்பிட வருகிறவனின் கைக்குள் கத்தி இருக்குமோ என்று பார்த்துப் பார்த்தே ஆண்டவள். கடைசிக் காட்சியின் ஒத்திகையில் றெபேக்கா முழந்தாளிடவில்லை.

“விமலண்ணை, குருவைக் கொன்றது பிழை. அதுக்கு அழுறன். ஆனால் விழமாட்டன்.”

“கதை அப்பிடித்தான்.”

“கதை நீங்கள் எழுதினதுதானே?”

விமலராஜ் கூத்துக் கொப்பியை மூடினார். மொனிகாவுக்கு இரகசியமாக இராணியின் பாட்டைப் பழக்கத் தொடங்கினார். செய்தி பெனடிக்றின் காதுக்கு வந்தது.

“விடு, றெபேக்கா. மொனிகாவே ஆடட்டும். நாங்கள் இந்தச் சனத்தோடதான் வாழவேணும்.”

“என்னை மேடையில ஏத்தினதும் அவை, இறக்கிறதும் அவையோ? நான் போறன்.”

திருநாளன்று பின்னேரம் பங்கு மண்டபத்துக்குப் போனாள். இராணியின் உடுப்போடு மொனிகா திரைக்குப் பின்னால் நின்றாள். இராணி வரவுக்கு மத்தளம் முழங்கியதும், றெபேக்கா முந்திக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடேயே பாடிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டாள். சனம் சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. சதிகாரர்கள் ஒவ்வொருவராகப் பிடிபடத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கியது.

கடைசிக் காட்சி வந்தது. குருவின் ஆவி முன்னால் நின்றது. றெபேக்கா உண்மையாகவே அழுதாள்.

“முழந்தாளிடு!” என்று விமலராஜ் மேடைப் பக்கத்திலிருந்து உறுக்கியது முன்வரிசைக்கே கேட்டது.

கண்ணைத் துடைத்துவிட்டு, கொப்பியில் இல்லாத இரண்டு அடி பாடினாள்:

“முழந்தாளை இறைவன்முன் மட்டுமே வைப்பேன் – என்னை
முடிக்கவந் தோர்முன் நிமிர்ந்தே நிற்பேன்.”

பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடவேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது பின்வரிசையில் ஒருவர் எழும்பி, சுருதி சேராத குரலில் அந்த இரண்டு அடியையும் பாடினார். பெனடிக்ற். மத்தளக்காரர் சிரித்துக்கொண்டே தாளம் போட்டார். பிறகு பிற்பாட்டும் சேர்ந்தது.

தமிழ் விளங்காத இத்தாலியப் பங்குச் சுவாமியார் முதல் ஆளாகக் கை தட்டினார்.

அதன்பிறகு விமலராஜ் மாதக்கணக்காக அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மொனிகா வியா மக்வேதாத் தெருவில் கண்டால் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவாள். அடுத்த கூத்துக்கு ஒத்திகை தொடங்கியபோது றெபேக்காவை ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் போனாள்.

“இந்த முறை உமக்குப் பாத்திரம் இல்லை,” என்றார் விமலராஜ்.

“தெரியும். பிற்பாட்டுக்கு ஆள் போதாதெண்டு கேள்விப்பட்டன்.”

கதிரையை இழுத்து மத்தளத்துக்குப் பக்கத்தில் போட்டு, அதில் இருந்தாள்.