வாவி மீனும் அயடீனும்

பூசைக்குப் போகச் சங்கிலி கொளுவும்போதுதான் கழுத்தில் அந்தக் கட்டி விரலில் தட்டியது. நோகவில்லை. நோகாததால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு மட்டக்களப்பில் ஊசி குத்திச் சோதித்தார்கள். தைரொயிட் (தொண்டைக்கு முன்னால் உள்ள சுரப்பி) புற்றுநோய். சுரப்பியை வெட்டி எடுத்தபின், கதிர் அயடீன் (எஞ்சிய சுரப்பிக் கலங்களை, அதாவது செல்களை, தேடி அழிக்கும் கதிரியக்க மருந்து) எடுக்கக் கொழும்பில் திகதி தந்தார்கள்.

அதற்கு முன் சில காலம் அயடீன் உள்ள சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கலங்கள் மருந்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். தவறினால் திகதி தள்ளிப் போகும். காத்திருந்து கிடைத்த திகதி அது. புற்றுநோயைவிட அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

என் கணவர் அன்ரனுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கலைக்களஞ்சியம் என்றால் உயிர். ஒருநாள் வாவி மீனோடு வந்து நின்றார். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

“கடல் மீன்தான் கூடாதாம். நன்னீர் மீன் தின்னலாமாம். மறுகா என்ன புள்ள? நம்மட ஆத்து மீன் கிடக்குதானே.”

“முகத்துவாரம் திறந்தா கடல் தண்ணி உள்ளுக்கு வாறதானே? அது எப்பிடி நன்னீர்?”

வாவியைப் பற்றிய பக்கத்தைத் தேடினார். உவர்நீர் என்றிருந்தது. இரண்டு பக்கங்களும் சரிதான். எங்கள் மீன் சட்டிதான் நடுவில் மாட்டிக்கொண்டது. மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

அடுத்த கிளினிக்கில் என்னைப் பார்த்த பெண் டொக்டரிடம் கேட்டேன். சற்று யோசித்தார்.

“உண்மையில எனக்கும் தெரியாதம்மா. தெரியாதத இப்ப சாப்பிட வேணாம்.”

நான் வாசித்த எந்தப் பக்கமும் தெரியாது என்று சொன்னதில்லை. அவரை அந்த நிமிடமே நம்பினேன். இதே நோயோடு இருப்பவர்களே, வாசியுங்கள்; வாசித்ததைக் கேள்வியாக டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

சொல்வது சுலபம். சொன்ன திகதியிலேயே மருந்து எடுத்து வீடு வந்தேன். உடம்பிலிருந்து வரும் கதிர் குறையும்வரை சிறுபிள்ளையை, என் மகளைக்கூட, அணுகக் கூடாது. எத்தனை நாள் என்று அதே டொக்டர் சொல்லியிருந்தார். தனியறையில் போனும் நானும். இப்போது தேடியது நான். ஒவ்வொரு பக்கமும் ஒரு நாள்கணக்குச் சொன்னது. எல்லாவற்றிலும் கூடியதை எடுத்துக்கொண்டேன்.

“டொக்டர் அவ்வளவு நாள் காணும் எண்டுட்டாவே,” என்றார் அன்ரன்.

“என்ர புள்ள. நாள் கூடினா ஒண்டும் குறைஞ்சு போகாது.”

டொக்டர் சொன்ன நாள் கடந்தும் நான் வெளியே வரவில்லை. நான்கு வயது மகள் மெரின் கதவுச்சீலைக்கு வெளியே வந்து நின்றாள்.

“அம்மா, டொக்டர் விட்டுட்டாவாம். வேற ஆரு வேணாமெண்டது?”

யார் என்று எனக்கே தெரியாது. எந்த நாட்டில் இருந்து, யாருக்காக எழுதினார்கள் என்றும் தெரியாது. அழுதுகொண்டே சீலையை விலக்கினேன். ஓடிவந்தவள் ஒரு கை தூரத்தில் தானாகவே நின்றுவிட்டாள்.

“இப்ப தொடலாமா?”

பின்னர் எடுத்த ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றார்கள். மகள் மட்டும் இன்னும், என் மடியில் ஏறுமுன், அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள்.