குமாஸ்தா சொன்ன வாய்தா

நான் ஜூனியராகச் சேர்ந்த வக்கீல் ஆபீசில் கட்சிக்காரர்கள் என்னிடமோ சீனியரிடமோ வாய்தா கேட்க மாட்டார்கள். அடுத்து எந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று குமாஸ்தா சொன்னால் அதுதான் தேதி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே திருவண்ணாமலையில் இப்படித்தான் என்று சீனியர் பெருமையாகச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்காரர் ஒருவரின் வழக்கு. அவர் குடியிருக்கும் வீட்டையே பக்கத்து நிலத்துக்காரர் தன்னுடையது என்று கேட்டிருந்தார். எங்கள் கட்சிக்காரர் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வரவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு என்று நீதிபதி சொல்லியிருந்தார். சீனியர் சென்னைக்குப் போயிருந்தார். பத்தரை மணிக்குக் கோர்ட் வராந்தாவில் நிற்கிறேன், ஆளைக் காணோம்.

"வர மாட்டான் மேடம். அந்தாளுக்கு அக்கறையே கெடையாது," என்றார் குமாஸ்தா.

கேஸ் கட்டின் மேல் கட்சிக்காரரின் செல் நம்பர் எழுதியிருந்தது. அதை அழைத்தேன். என் பக்கத்திலேயே, குமாஸ்தாவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே நின்றோம். போன வாரம் எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீசிலிருந்து இவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்ததைப் பார்த்திருந்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது புரிந்தது.

"கட்சிக்காரங்க எல்லாம் என் மூலமாதான் மேடம். ஆபீஸ் பழக்கம்," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நீதிபதியிடம் கெஞ்சினேன். "ரெண்டரைக்கு ஆள் இல்லன்னா உங்க தரப்பு சாட்சிய முடிச்சிடுவேன்மா," என்றார்.

ஸ்கூட்டியை எடுத்தேன். கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு. வண்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கறுப்பு கோட்டோடு கூட்டத்துக்குள் பாதி நடந்தேன், பாதி ஓடினேன். வெறுங்காலோடு நடப்பவர்களை மிதித்துவிடக் கூடாதே என்ற பயம் வேறு. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால், மனுஷர் வாசலில் மோர் விற்றுக்கொண்டிருக்கிறார்.

"கோர்ட்டுக்கு ஏங்க வரல?"

"இன்னிக்கு பௌர்ணமிங்களே. கூட்டம் ஜாஸ்தி, கோர்ட்டு லீவுன்னு குமாஸ்தா சார் சொன்னாரு. கார்த்திகை தீபத்துக்கு வுடறாங்கல்ல, அது மாதிரின்னு நெனச்சேன்."

"முன்னாடி ரெண்டு வாட்டி?"

"ஜட்ஜு வரலன்னாருங்க."

குமாஸ்தா சொன்னது அத்தனையும் பொய், வீடு போய்விடும் என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவர் மனைவி கையிலிருந்த டம்ளரை வைத்தார். "மொதல்ல நீ கெளம்பு," என்றார் கணவரிடம். பக்கத்து வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு வயல் வழியாகச் சுற்றி வந்தோம்.

இரண்டு இருபத்தைந்துக்கு உள்ளே நுழைந்தோம். அவர் கூண்டேறினார். குறுக்கு விசாரணையில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கு வீடு தப்பியது.

வெளியே வந்ததும் அடுத்த வாய்தாவை ஒரு தாளில் எழுதினேன். கீழே என் நம்பரையும் எழுதினேன். இனி எதுவானாலும் என்னைத்தான் கேட்க வேண்டும், குமாஸ்தா பேச்சை நம்பவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். கண் கலங்கக் கும்பிட்டார்.

கோட்டைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கட்சிக்காரர் வேப்பமரத்தடியில் நின்ற குமாஸ்தாவிடம் போய் அந்தத் தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம் ஒரு தேதி எழுதிக் குடுத்தாங்க சார். சரியான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார்.