சுவருக்கு அப்பால் ஒரு இடது கை

தொண்ணூறுகளில், கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கலியாணங்களுக்கு வாசிக்கும் தமிழ் இசைக்குழு ஒன்றில் நான் ஓர்கன் வாசித்தேன். 'வாசித்தேன்' என்பது என் வாக்குமூலம். கேட்டவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். ஒரு குழு சனிக்கிழமை வாசித்த முன்னிசையை இன்னொரு குழு ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிடும். ஆகவே என் மல்வேர்ன் அப்பார்ட்மென்டில், சத்தம் வெளியே போகாதபடி, குளித்துத் துடைக்கும் துவாயை நனைத்துக் கதவடியில் திணித்துவிட்டுத்தான் பயிற்சி எடுப்பேன்.

என் ஒரே சொத்து, பழைய தமிழ்ப் படங்களின் கிளப் நடனப் பாட்டுகளிலிருந்து நானே 'ஆராய்ந்து' எடுத்த ஒரு துள்ளல் அடி. இடது கை உருண்டு ஓடும். அடுத்த கலியாணத்தில் புதிதாக ஏதும் இறக்காவிட்டால் என் இடத்தில் பக்கத்து நகரமான மிசிசாகாவிலிருந்து ஓர்கன்காரன் ஒருவனை இருத்தப்போவதாகக் குழுத்தலைவர் சொல்லியிருந்தார்; இந்தத் துள்ளலைத்தான் நம்பியிருந்தேன்.

ஒரு பின்னேரம் அதே துள்ளல் சுவருக்கு அப்பால் கேட்டது. பக்கத்து வீட்டில் இருந்தவர் எழுபது கடந்த ஒரு கறுப்பின மனிதர்.

"இஞ்சாரும், அந்த மனுசன் என்ர அடியைக் களவெடுக்குது," என்றேன் மனைவியிடம்.

"உங்கட வாசிப்பை ஆரும் களவெடுப்பினமோ? பொலிசுக்குச் சொன்னா உங்களைத்தான் பிடிப்பாங்கள்."

அவர் மிசிசாகாக்காரனின் உளவாளி என்று முடிவுகட்டிக் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த ஐம்பது ஆங்கிலச் சொற்களில் நாற்பதைச் செலவழித்துக் குற்றம்சாட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தவர், ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டார். அதே இடது கை! உறைப் படத்தின் ஓரத்தில், பியானோவில், இளவயது அவர். அமெரிக்கக் கறுப்பரின் ஆட்ட இசைக்கு ரிதம் அண்ட் புளூஸ் என்ற பெயரே புதிதாயிருந்த காலம், நான் பிறக்கவேயில்லை. கறுப்பரைப் பின்கதவால் மட்டும் உள்ளே விட்ட மண்டபங்களை ஆடவைத்திருக்கிறார். ஒரு கிழமை வாசிக்க ரொறன்ரோ வந்து, இங்கேயே தங்கி, கார்ப் பாகத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றிருக்கிறார். தட்டில் பாடகரின் பெயர்தான் இருந்தது. இவருடையது இல்லை.

தமிழ்ப் படத்திலிருந்து அவர்தான் எடுத்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. "நீங்கள் மெட்ராசுக்குப் போனதுண்டா?" என்று கேட்டேன்.

இப்போது அவர் கண்ணைச் சுருக்கினார். நான் இதை எங்கே எடுத்தேன் என்றார். ஓடிப்போய்ப் படப்பாட்டுக் கசெற்றைக் கொண்டுவந்து போட்டேன். ஊரில் வானொலிக்கு முன்னால் நான் ஆடித்தீர்த்த பாட்டுக்கு அடியில் அவருடைய இடது கை ஓடிக்கொண்டிருந்தது. பலர் எடுத்திருக்கிறார்கள், ஆனால் மெட்ராஸ் சுற்றித் தன் சுவருக்கே திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை என்றார். வாசிக்கலாமாம், யாருடையது என்று மைக்கில் சொல்லவேண்டுமாம்.

கலியாண மண்டபத்தில் அவர் முன்வரிசையில், கையில் வடையுடன். "எங்கட ஓர்கன்காரரின் சொந்தக் கற்பனை!" என்று தலைவர் அறிவித்தார். மைக்கை வாங்கினேன்.

"இந்த அடி அந்தா இருக்கிற ஐயாவின்ர. நான் தெரியாமல் களவெடுத்தது."

"கோதாரி, உதை இப்ப ஆர் கேட்டது?" தலைவர் பல்லைக் கடித்தார்.

சனம் பகிடி என்று நினைத்துக் கைதட்டியது. வாசித்து முடித்ததும் அவர் எழுந்து தொப்பியைத் தூக்கினார். அதற்குப் பிறகு விழுந்த கைதட்டலில் என் இடமும் தப்பியது.

திங்கட்கிழமை மிசிசாகாக்காரன் எனக்குப் போன் எடுத்தான். "அண்ணை, அந்த மனுசன்ர வீட்டு நம்பர் என்ன?"

"எந்த மனுசன்?" என்றேன்.

அன்றே ஈரத்துவாயை அவருடைய கதவடிக்கு மாற்றினேன்.