டில்லி அண்ணன் திருப்பிக் கொடுத்த சவுண்டு கார்டுகள்

மானிட்டர் வாங்க வருகிறவர் கண்ணால் பார்த்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். சவுண்டு கார்டு வாங்க வருகிறவரோடு மாரடிப்பது இருக்கிறதே, அது என்னை மாதிரி கவுண்டருக்குப் பின்னால் நின்ற உங்களுக்குத்தான் தெரியும். பிளஸ் டூ கணக்கில் மண்ணைக் கவ்விய கையோடு டோல்கேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். பாகங்களைச் சேர்த்துப் பெட்டியைப் பூட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. வாயை மூடிக்கொண்டு அதை மட்டும் செய்திருக்கலாம். செய்யவில்லை.

ஓட்டைதான் இருக்கே

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிற ஒரு அக்கா, மகனுக்கு கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் வாங்க வந்தார். மதர்போர்டிலேயே ஸ்பீக்கர் சொருக ஓட்டை இருக்கும்போது தனியாகக் கார்டு எதற்கு என்றார். நியாயமான கேள்வி. அதற்குள் முதலாளி பாய் நாலு ஸ்பீக்கர் சொருகுகிற விலை கூடின கார்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"வீட்ல எத்தனை ஸ்பீக்கர்?" என்றேன். இரண்டுதானாம். "அப்போ இது தண்டம்க்கா. அந்தக் காசுக்கு மெமரி போடுங்க, கேம் திக்காம ஓடும்." பாய் என்னை முறைத்தார். அக்காவுக்கோ சந்தேகம். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாமே, நீ இந்தக் கடை பொண்ணா, இல்ல எதுத்த கடைக்காரன் உன்ன அனுப்சிகிறானா?"

காலடிச் சத்தம்

அடுத்த திங்கட்கிழமை டில்லி அண்ணன் வந்தார். துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் வேலை. துருப்பிடித்த தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் அவரும் நாலு தோஸ்துகளும் ஆளுக்கொரு சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் காலடிப்பேட்டை போவார்கள். அங்கே ஒரு வீட்டு மாடியில் எல்லாவற்றையும் ஒயரால் இணைத்து, அஞ்சுக்கு அஞ்சு சுடுகிற கேம். அதில் எதிரி எந்தப் பக்கம் நடக்கிறான் என்று ஹெட்போனில் கேட்டுத் திரும்ப வேண்டும். டில்லி அண்ணன் திரும்புவதற்குள் செத்துவிடுகிறார். வாராவாரம் முதல் ஆளாக.

சுமாரான விலையில் ஒரு கார்டை எடுத்துக் கொடுத்து, "இதுல எறும்பு நடந்தாலும் கேக்கும்" என்றேன். அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்த ஞாயித்துக்கெழமையும் மொத ஆளா பூட்டேன்னா, எனக்கு பதுலு வேற ஆளப் போட்டுருவானுங்கோ, தங்கச்சி."

கோளாறு கார்டில் இல்லை

புதன்கிழமை திரும்பி வந்தார். சத்தம் நன்றாக இருக்கிறதாம், எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லையாம். உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றினேன், டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசியில் அந்த நாலு ஸ்பீக்கர் கார்டையே கொடுத்தனுப்பினேன். வியாழக்கிழமை அதுவும் அவரோடு திரும்பி வந்தது.

நானே ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். இடமிருந்து வலமாகக் காலடி வெண்ணெய் மாதிரி போகிறது. அவருக்கு வலது பக்கம் தரையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி அலறிப் பாடிக்கொண்டிருந்தது. நான் இடது பக்கம் நின்றுகொண்டு, "ஒழுங்கா மாட்டிக்கோங்க" என்றேன். அவர் பாட்டுக்கு ஹெட்போன் ஒயரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். திமிர் என்று நினைத்து, "காது கேக்குதா இல்லையா?" என்று கத்தினேன். கடையில் எல்லாரும் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதைப் பார்த்துத்தான் டில்லி அண்ணன் திரும்பினார்.

கூட்டம் கலையும்வரை காத்திருந்து, இடது காது அவுட் என்றார். சுத்தியல் சத்தத்திலேயே போய்விட்டதாம். அதைத் தோஸ்துகளிடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். "வாணாம். சொன்னா பாவம் பாத்து டீம்ல வெச்சுகுவானுங்கோ. அதுக்கு தொரத்தியே வுட்லாம்."

செருப்பைக் கழற்றினார்

ஒற்றைக் காதில் திசை சொல்கிற கார்டு உலகத்தில் யாரும் விற்கவில்லை என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லி இன்னொரு கார்டைத் தலையில் கட்ட மனசு வரவில்லை. அவர் எழுந்து போகாமல், கீழே பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் காலை வைத்தார்.

கப்பலில் எந்தப் பக்கத்து ஜெனரேட்டர் ஓடுகிறது என்று அந்த இரைச்சலில் காதால் கண்டுபிடிக்க முடியாதாம், தகட்டில் வெறுங்காலை வைத்தால் தெரியுமாம். அவ்வளவுதான், நான் ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைச் சூடு பண்ணினேன். நாலு ஸ்பீக்கர் கார்டில் சத்தம் வெளியே வர இரண்டு ஓட்டை. ஒன்றில் இரண்டு பக்கச் சத்தத்தையும் சேர்த்து வலது காதுக்கு. மற்றதில் இடது பக்கத்தை மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு, அது இடது பாதத்துக்கடியில். காலடி கேட்கும்போது பாதம் அதிர்ந்தால் எதிரி இடது, அதிராவிட்டால் வலது. முதலில் தாறுமாறாகத் திரும்பினார். சாயங்காலத்துக்குள் பத்துக்கு ஏழு சரி.

பாய் தலையைத் தலையை ஆட்டிவிட்டு அவரிடம் சொன்னார்: "டில்லி, இதுக்கு மட்டும் வாரண்டி கேட்டுடாதப்பா."

திங்கட்கிழமை

டில்லி அண்ணனுக்கு முன்னால் அவருடைய டீம் ஆள் ஒருவர் கடைக்கு வந்துவிட்டார். நேற்று டில்லி ரெண்டு பேரைச் சாய்த்துவிட்டு மூன்றாவது ஆளாகத்தான் செத்தானாம். அடுத்த வாரமும் அவனேதான் ஆடுகிறானாம். என்ன ரகசியம் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை: "அவன் கால்ல வெச்சுகினு ஆட்றானே, அத்தே மேரி எனுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. ஒரு காலுக்கு பத்தாது, ரெண்டு காலுக்கும்!"

கார்டில் சத்தம் போக எத்தனை சேனல் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்த எனக்கு, வாங்குகிறவர் காதில் எத்தனை சேனல் என்று தெரிந்துகொள்ளக் கத்த வேண்டியிருந்தது.