ஆராவது ஒராள் வீட்டிலை நிக்கவேணும்

எங்கடை குடும்பப் படங்களை எடுத்துப் பாருங்கோ. நான், இவர், மகள் மூண்டு பேரும் ஒண்டா இருக்கிற படம் எண்டால் அது அந்த மண்ணிறச் சோபாவிலை இருந்து எடுத்ததுதான். பின்னாலை அதே சுவர், அதே மணிக்கூடு. மகள் மட்டும் படத்துக்குப் படம் வளர்ந்துகொண்டு வாறாள். வெளியிலை எடுத்த படமெண்டால் ஒண்டில் நான் இல்லை, ஒண்டில் இவர் இல்லை. கடற்கரையிலை அவளும் தகப்பனும். கோயில் திருவிழாவிலை அவளும் நானும். பார்க்கிறவை புருசன் பெண்சாதிக்குள்ளை ஏதோ பிரச்சினை எண்டு நினைப்பினம். பிரச்சினையும் இல்லை, கோதாரியும் இல்லை. நாங்கள் குடியிருக்கிற இடம் அப்பிடி.

பலெர்மோவின்ரை வடக்குப் பக்கம், மலை அடிவாரத்திலை, நகரத்தை விரிக்கப்போறம் எண்டு திட்டம் போட்டுக் கட்டின புறநகர் இது. சிசிலியின்ரை தலைநகரம் எண்டால் சும்மாவே? இடிஞ்ச பழைய வீடுகளுக்குள்ளை கிடந்த சனத்துக்குப் புது ஊர் ஒண்டு குடுக்கவேணும் எண்டு பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள் இருந்து கீறினவையாம். கீறினதிலை சந்தை இருந்ததாம், பூங்கா இருந்ததாம், நாடகக் கொட்டகை கூட இருந்ததாம். எழும்பினது வீடுகள்தான். அதையும் முடிக்க முந்திச் சனம் கதவை உடைச்சுக்கொண்டு குடி வந்திட்டுது. தண்ணி இல்லை, கரண்ட் இல்லை. வந்தவை தாங்களே குழாயை இழுத்தினம், வயரைக் கொழுவிச்சினம். அண்டைக்குத் தொடங்கினதுதான் இஞ்சத்தைச் சட்டம். உள்ளுக்கை ஆர் நிக்கினமோ அவைக்குத்தான் வீடு.

நீள நீளமான கட்டடங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே யன்னல். ரெண்டு வரிசைக்கு நடுவிலை சனம் நிண்டு கதைக்கட்டும், பிள்ளையள் விளையாடட்டும் எண்டு ஒரு உள்தெரு விட்டிருக்கினம். எங்கடை உள்தெருவுக்கு ரெண்டு பக்கமும் இரும்புப் படலை போட்டு அடைச்சாச்சு. உள்ளுக்கை ஒருத்தன் குதிரை கட்டி வைச்சிருக்கிறான். கடல் கிட்டத்தான், காத்திலை உப்பு மணக்கும். ஆனால் எந்த யன்னலாலை எட்டிப் பார்த்தாலும் எதிர்வீட்டு உடுப்புக் கொடிதான் தெரியும்.

இடைக்கிடை பெடியளும் பெட்டையளும் கமராவோடை வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிப்பினம். கட்டடக்கலை படிக்கிறவையாம். ஒருக்கால் அவையின்ரை வாத்தியார் என்னை மறிச்சு, இது புத்தகங்களிலை வந்த கட்டடம், நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் எண்டார். என்ரை ரெண்டு கையிலையும் சாமான் பை. லிஃப்ற் இல்லை, வீடு மேல்மாடியிலை. "வாருங்கோ, இதிலை ஒரு பையைத் தூக்குங்கோ, கதைச்சுக்கொண்டு ஏறுவம்" எண்டன். மனிசன் சிரிச்சுப்போட்டு மெல்ல நழுவீட்டார்.

நகரத்துக்குள்ளை இருக்கிற ஆக்களுக்கு எங்கடை இடத்தின்ரை பேரைச் சொல்லவே ஏலாது. நான் வேலைக்குப் போற வீட்டுச் சின்யோராவுக்கு, இஞ்சை குடி வந்திட்டம் எண்டு சொன்ன அண்டைக்கு, அவ தன்ரை கைப்பையை எடுத்து மற்றப் பக்கத்துக் கதிரையிலை வைச்சா. அவவின்ரை வீட்டுத் திறப்பு அப்பவும் என்னட்டைத்தான் கிடந்தது. அதை மறந்து போனா பாவம்.

முந்தி நாங்கள் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னாலை ஒரு அறையிலை இருந்தனாங்கள். சுவர் முழுக்க ஈரம், மீன் நாத்தம், விடிய விடியக் குடிகாரற்றை பாட்டு. மகளுக்கு இழுப்பு வந்த உடனை இவர் வேறை வீடு தேடி அலைஞ்சார். எங்கடை முகத்தைக் கண்ட உடனை வீட்டை வேறை ஆக்களுக்குக் குடுத்தாச்சு எண்டுவினம். அப்பதான் ஸ்ஃபெர்ராகவால்லோவிலை, மீன் சாப்பாட்டுக் கடைக் குசினியிலை இவரோடை நிண்ட ஒராள் குடும்பத்தோடை வடக்கு இத்தாலிக்கு வெளிக்கிட்டான். தன்ரை வீட்டுத் திறப்பை எங்களுக்குத் தந்தான். சும்மா தரேல்லை, நாங்கள் மிச்சம் பிடிச்சு வைச்சது எல்லாம் அதோடை போச்சு. உறுதிப் பத்திரம் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. திறப்பைக் கையிலை தரேக்கை ஒண்டே ஒண்டு சொன்னான்: "ஒரு நாளும் வெறுமையாய் விட்டிடாதேங்கோ."

என்ன விசர்க்கதை கதைக்கிறான் எண்டு நான் சிரிச்சன். பேந்து கண்ணாலை கண்டன். பக்கத்துக் கட்டடத்திலை ஒரு பெட்டை பிள்ளைப்பேறுக்கு ஆசுப்பத்திரிக்குப் போனாள், புருசனும் கூடப் போனான். பிள்ளையோடை திரும்பி வரேக்கை யன்னலிலை வேறை ஆற்றையோ திரைச்சீலை தொங்குது. பொலிசும் வந்து பார்த்திட்டுப் போச்சுது. உள்ளுக்கை கைக்குழந்தை இருந்தால் லேசிலை வெளியேத்தேலாதாம். அதாலை வீடு பிடிக்க வாறவை குழந்தையை முன்னுக்குத் தூக்கிக்கொண்டுதான் வருவினம். அவையையும் என்ன சொல்லுறது, அவைக்கும் படுக்க இடம் இல்லை.

ஊரிலை நாங்கள் வடிவாப் பூட்டிப்போட்டு ஓடின வீட்டுக்குள்ளை ஆமி போய் இருந்தது. திறப்பு மட்டும் அம்மாவின்ரை இடுப்பிலை கிடந்தது. அதைக் கண்ட எனக்கு இன்னொருக்கால் படிப்பிக்கத் தேவையில்லை. அண்டையிலிருந்து எங்கடை சீவியம் முறை வைச்சு நடந்தது. விடிய நான் வேலைக்குப் போவன், இவர் நிப்பார். பின்னேரம் நான் படி ஏற இவர் கடைக்கு இறங்குவார். "இவைக்குப் படிக்கட்டிலைதான் லவ்" எண்டு மகள் பகிடி பண்ணுவாள். பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாத்துக்கும் நான் தனியப் போய்ப் போய், அவளின்ரை ரீச்சர் கனகாலம் என்னை விதவை எண்டு நினைச்சிருக்கிறா.

பிள்ளை வளர்ந்து, தானே ஒரு பெடியனைப் பார்த்து வந்து சொன்னாள். பகேரியாவிலை இருக்கிற எங்கடை ஆக்கள். நல்ல பெடியன், குறை சொல்ல ஒண்டும் இல்லை, நானும் தேடிப் பார்த்தனான். பகேரியாவிலையே பழைய மாளிகை ஒண்டிலை மண்டபம் எடுத்தாச்சு. எங்கடை வீடு நகரத்துக்கு ஒரு தொங்கல், அது மற்றத் தொங்கல். மகள் என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டுதான்.

"அம்மா, எனக்கு நகை வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீங்களும் அப்பாவும் சோடியா மேடையிலை நிக்கவேணும். அப்பா என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கவேணும், நீங்கள் தண்ணி விடவேணும். பிறகு மூண்டு பேரும் வெளியிலை நிண்டு ஒரு படம். சோபா இல்லாத படம்."

"அதுக்கென்ன குஞ்சு, கட்டாயம்" எண்டன். சொல்லிப்போட்டு அண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை.

வீட்டிலை ஆரை இருத்துறது? நம்பிக்கையான ஆக்கள் எல்லாரும் கலியாணத்துக்கு வருகினம். கலியாணத்துக்குச் சொல்லாத ஆக்களைப் போய், வந்து எங்கடை வீட்டுக்குக் காவல் இருங்கோ எண்டு கேக்கேலுமே? மிஞ்சினது கீழ்வீட்டு மனிசி. பலெர்மோக்காரி, தொண்டை திறந்தால் மூண்டு கட்டடத்துக்குக் கேக்கும். பல்கனியாலை கயித்திலை கூடையை இறக்கிப் பாண் வாங்கேக்கை எனக்கும் சேர்த்து வாங்கி வைப்பா. என்ரை பிள்ளைக்கு மாக்கரோனி தீத்தி வளர்த்த மனிசி. கேட்ட உடனை நெஞ்சிலை அடிச்சுச் சொன்னா: "நீ போ. நான் கதவடியிலை கதிரை போட்டு இருக்கிறன். ஆர் வாறான் பாப்பம்." எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மகள் அவவைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் மகள் சோடினைக்கு எண்டு சித்தப்பா குடும்பத்தோடை பகேரியாவுக்குப் போட்டாள். அண்டு பின்னேரம்தான் அது நடந்தது. எங்களுக்குப் பின் வரிசையிலை ஒரு குடும்பம் செத்தவீடு ஒண்டுக்குப் போய்த் திரும்பி வந்தால், வீட்டுக்குள்ளை வேறை ஆக்கள். மெத்தையைக் கயிறு கட்டிப் பல்கனியாலை ஏத்தினதை ஊரே பார்த்துக்கொண்டு நிண்டதாம். காவலுக்கு விட்ட கிழவனை அவங்கள் அடிக்கவும் இல்லையாம். கதிரையோடை தூக்கிப் படிக்கட்டிலை கொண்டுபோய் வைச்சவங்களாம்.

விடிய நான் சீலை கட்டி முடிக்க, கீழ்வீட்டு மனிசி இரவு உடுப்போடை ஏறி வந்தா. கண் எல்லாம் வீங்கிக் கிடக்கு. "என்னாலை ஏலாது. நாலு பேர் குழந்தையோடை வந்தால் நான் கிழவி என்ன செய்ய? உன்ரை வீட்டை விட்டுக் குடுத்திட்டு உன்ரை முகத்திலை எப்பிடி முழிப்பன்?" எண்டு அழுதா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. கடைசி நேரத்திலை வந்து சொல்லுறியளோ எண்டு தமிழிலையும் இத்தாலியனிலையும் வாயிலை வந்ததெல்லாம் ஏசினன். அவ தலையைக் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டா. உண்மையைச் சொன்ன மனிசிக்கு நான் குடுத்த மரியாதை அது.

திரும்பிப் பார்த்தால் இவர் பட்டுச் சால்வையைக் கழட்டி மடிச்சுச் சோபாவிலை வைக்கிறார்.

"நீர் போம். நான் நிக்கிறன்."

"விசரோ உங்களுக்கு? தகப்பன் இல்லாமல் கலியாணமோ? போனாப் போகட்டும் இந்தப் பாழ்பட்ட வீடு!"

"போனால் நாளைக்கு எங்கை படுக்கிறது? இந்த வயசிலை பிள்ளையின்ரை வாசல்லையோ?"

"அப்ப நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ."

"தாய் இல்லாட்டி அவள் அழுவாள். நான் இல்லாட்டி ஒரு மாதிரிச் சமாளிப்பாள். இறங்கும், கார் வந்திட்டுது."

கீழை கார்க்காரன் ஹோர்னை விடாமல் அடிக்கிறான். நான் இறங்கினன். எனக்குப் பின்னாலை இவர் கதவுக்குக் கதிரையை இழுத்து முட்டுக் குடுக்கிற சத்தம் கேட்டது.

ஒரு மாதிரிச் சமாளிக்கேல்லை அவள். நான் தனிய வாறதைக் கண்ட உடனை, "மா, பப்பா தொவே?" எண்டு அப்பாவைத் தேடினாள். பதட்டம் வந்தால் பிள்ளையின்ரை வாயிலை பலெர்மோதான் வரும். வீட்டிலை எண்டன். வேறை ஒண்டும் சொல்லத் தேவைப்படேல்லை, இஞ்சை வளர்ந்த பிள்ளைக்கு விளங்கும். "அந்த வீட்டுக்கே தாலியைக் கட்டச் சொல்லுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு முகத்தைத் திருப்பினாள். மை கரையப்போகுது எண்டு சோடிச்ச பிள்ளை ஓடி வந்து ஒத்தி எடுத்தாள்.

தம்பதியாய்த்தான் தாரை வார்க்கவேணும் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். இவற்றை தம்பியும் பெண்சாதியும் எங்கடை இடத்திலை நிண்டினம். பெத்தவள் நான் முன்வரிசைக் கதிரையிலை, விருந்துக்கு வந்த ஆள் மாதிரி. சித்திதான் தண்ணி விட்டா. கை நடுங்காமல் வடிவா விட்டா. அவவிலை ஒரு பிழையும் இல்லை, எண்டாலும் எனக்கு அந்தச் செம்பைப் பறிக்கவேணும் போலை கிடந்தது.

வீட்டிலை இருக்கிற இவருக்குக் காட்ட எண்டு ஒரு உறவுக்காரப் பிள்ளை போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். தாலி கட்டேக்கை மேளம் முழங்க, சனம் முழுக்க எழும்பி முன்னுக்கு இடிக்க, அவளின்ரை கையிலை போன் எங்கை பார்த்ததோ தெரியாது. நான் வீட்டை வந்து முதல் வேலையா இவரைக் கேட்டன், தாலி கட்டினதைப் பார்த்தனீங்களோ எண்டு.

"மண்டபத்தின்ரை கூரை தெரிஞ்சுது" எண்டார். "நல்ல வடிவான கூரை. பழைய காலத்துச் சித்திரம் எல்லாம் கீறிக் கிடக்கு."

அப்பவும் வேட்டியோடைதான் இருந்தார். கீழ்வீட்டு மனிசி ஒரு கோப்பை பாஸ்தாவோடை ஏறி வந்து, பக்கத்திலை இருந்து போனைப் பார்த்து அழுதாவாம். அண்டு முழுக்க வேறை ஒரு நாய் கூட எங்கடை படி ஏறி வரேல்லை. ஆராவது வந்து கதவைத் தட்டியிருந்தாலாவது எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

இந்த ஊரைக் கீறினவை ஆரும் இன்னும் உயிரோடை இருந்தால் ஒருக்கால் முன்னுக்கு நிண்டு கேக்கவேணும். எனக்குப் பூங்கா வேண்டாம், நாடகக் கொட்டகையும் வேண்டாம். பூட்டினால் பூட்டினபடி கிடக்கிற ஒரு கதவு தந்திருந்தால் காணும்.

கலியாணம் முடிஞ்சு கொஞ்ச நாளாலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளும் மருமகனும் சாப்பிட வந்திச்சினம். ரயில் ஸ்டேசனடியிலை ஒரு சின்ன வாடகை வீடு எடுத்திருக்கினம். நான் சோறு போட்டுக்கொண்டு கேட்டன், "அங்கை வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா. பூட்டிப்போட்டு வந்தனாங்கள்" எண்டாள். கைப்பைக்குள்ளை கையை விட்டு ஒரு சின்னத் திறப்பை எடுத்துக் காட்டினாள். மருமகன் இதென்ன கேள்வி எண்டு என்னைப் பார்த்தார். அவை வெளிக்கிடும் வரைக்கும் நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பரிமாறினன்.

போகேக்கை வாசல்லை நிண்டு சொன்னாள், "அடுத்த ஞாயிறு நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோ. அந்தப் படத்தை எடுப்பம்." இவர் ஓம் எண்டார். நானும் ஓம் எண்டன்.

உண்மையாவே வெளிக்கிட்டனாங்கள். இவர் கலியாணத்துக்கு வாங்கின பட்டு வேட்டியை மினுக்கிக் கட்டினார். நான் கதவைப் பூட்ட, இவர் இழுத்துப் பார்த்தார், திரும்பவும் இழுத்துப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒண்டா அந்தப் படி இறங்கினது எனக்குப் புதுமையாக் கிடந்தது. ஒரு மாடி இறங்கினம். கீழை ஆரோ ஒரு குழந்தை அழுற சத்தம் கேட்டது. ஆற்றையோ வீட்டுக் குழந்தை, பாலுக்கு அழுதிருக்கும். இவர் கைபிடிக் கம்பியைப் பிடிச்சபடி நிண்டிட்டார்.

"நீர் போம்" எண்டார். "நான் மற்றக் கிழமை போறன்."

நான் மறுத்துக் கதைக்கேல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் கிடக்கு.

மகள் மேசையிலை நாலு சாப்பாட்டுக் கோப்பை வைச்சு, பக்கத்திலை கமராவும் எடுத்து வைச்சிருந்தாள். கதவைத் திறந்து எனக்குப் பின்னாலை எட்டிப் பார்த்தாள். அப்பா எங்கை எண்டு கேக்கேல்லை. உள்ளுக்கை போய் ஒரு கோப்பையைத் தூக்கி அலுமாரியிலை வைச்சிட்டு, "வாங்கோ அம்மா, ஆறப்போகுது" எண்டாள்.