ராஜாம்பாளின் கலவை

ராஜாம்பாளுக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. இருபது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவளுக்கு அது எங்கிருந்து வரும்? ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் தலை மறைந்ததும் எட்டுச் சட்டி கொட்டச் சொல்லும் மேஸ்திரிகளிடமே அவள் காலம் ஓடியது. கொட்டியதும் அவள்தான். அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கச்சிராயபாளையத்துக்கு வெளியே ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஆறு வீடு கட்டத் தொடங்கியபோதும் சந்தேகத்தோடுதான் போனாள். ஒரு அறக்கட்டளை இடமும் பொருளும் தந்தது, உழைப்பு குடும்பங்களுடையது. எது யார் வீடு என்பது கூரை போட்ட பிறகு சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். "அதெல்லாம் முன்னாடியே பேசி வச்சிருப்பானுங்க" என்று கணவன் அம்மாசியின் காதைக் கடித்தாள். ஒழுகும் தகரக் கொட்டகையை விட்டு, சாகும் முன் சொந்தச் சுவருக்குள் போய்விட வேண்டும். அதில் எவனும் கை வைத்துவிடக் கூடாது. அதனால் கலவை போடும் வேலையை யாருக்கும் விடாமல் தானே பிடித்துக்கொண்டாள்.

சிமெண்டு வைத்திருந்த அறையின் சாவி தஸ்தகீரிடம் இருந்தது. ஆறு குடும்பத்தில் ஒருவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாகச் செருப்புக் கடை. கடைக்காரன் கையில் சாவியா என்று அவளுக்கு அன்றே சுருக்கென்றது.

மழை மிரட்டிய ஐப்பசி வாரத்தில் மூன்றாவது வீட்டின் பின்சுவர் எழும்பியது. கொத்தனார் ஆதிமூலம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே இருந்தார். பத்து நாள் கழித்து ராஜாம்பாள் வழக்கம்போல ஆணியால் சுரண்டிப் பார்த்தாள். மற்றச் சுவர்களில் கீறலோடு நின்ற ஆணி, இதில் பொலபொலவென்று மணலை உதிர்த்தது.

அவள் போட்ட கூச்சலில் ஆறு குடும்பமும் கூடிவிட்டது.

"இன்னா பாய், சிமெண்ட யாருக்கு வித்த?" என்று தஸ்தகீரின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

தஸ்தகீர் அறையைத் திறந்துவிட்டார்.

"வந்து பாரும்மா. வித்திருந்தா மூட்டை கம்மியாதான இருக்கணும்? கணக்குக்கு ரெண்டு மூட்டை ஜாஸ்தியா இருக்குது. நானே புரியாம முழிச்சிக்கினு இருக்கேன்."

மூட்டைகளைப் பார்த்ததும் ராஜாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு ஆதிமூலம் அவசரப்படுத்தியதும் கை தானாகவே எட்டுச் சட்டி மணலுக்குப் போயிருக்கிறது. அவள் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் செய்தது அவள்தான்.

"நான்தான் கலந்தேன்" என்றாள்.

மறுநாள் எல்லாரும் திட்டிக்கொண்டே சுவரை இடித்தார்கள். "இந்த வூடு தனக்கு வராதுன்னு இவளுக்கு முன்னாடியே தெரியுமோ இன்னாமோ" என்று ஆறு குடும்பத்தில் ஒருத்தியான கொளஞ்சியம்மாள் அவள் காதுபடவே சொன்னாள். ராஜாம்பாள் குனிந்து இடிந்ததை அள்ளினாள்.

வேறு ஆளைக் கலக்கச் சொல்லுங்கள் என்றாள். தஸ்தகீரின் மனைவி காசிம் பீவி மண்வெட்டியை அவளிடமே நீட்டினாள். ராஜாம்பாள் அதை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நீ கிட்டவே நில்லுக்கா. நான் கொட்டறப்ப சட்டிய எண்ணு. என் கைய நான் நம்பல."