மடத்துக் கதவு திறந்த நாள்

நாரணாபுரத்தில் என் தீப்பெட்டி ஒட்டும் ஷெட்டில் நேற்றுப் பசைச்சட்டி அடிப்பிடித்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் இன்று நாற்பது பெண்களுக்கு வேலை கொடுக்கிறேன், பெட்டியைப் பார்த்தே எவள் ஒட்டியது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் அந்தக் கருகிய மைதா வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

மல்லாங்கிணறு பக்கம் கருவேலங்காட்டுக்குள் இருந்த கன்னியர் மடத்தில் இதே வாசனைதான் வரும், பூசைக்கு அப்பம் சுடுவார்கள். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தபின் மதிலை இடித்துப் பிளாட் போட்டுவிட்டார்கள். வெளியே வராத அந்தச் சகோதரிகளை வருடத்தில் ஒரே நாள், திருவிழாவன்று, மணி அடிக்கும்வரை பார்க்கலாம். என் அக்கா ஸ்டெல்லா அங்கே சேர்ந்த மறுவருடம், தீக்குச்சி மருந்தில் கண் மங்கிப்போன அம்மா, கருப்பட்டி மிட்டாயோடு என்னைக் கூட்டிப்போனாள்.

முகமும் கையும் மட்டும் தெரிந்த வெள்ளை அங்கிகளில் ஒருத்தியின் கன்னத்தைப் பிடித்து, "ஏட்டி ஸ்டெல்லா, எம்புட்டு எளைச்சிட்ட! தின்னுட்டி," என்று அம்மா ஊட்டினாள். அவள் "அம்மா" என்று மட்டும் சொல்லி அழுதுகொண்டே தின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டி ஒட்டித் தட்டையான அக்காவின் கட்டைவிரல் அவளுக்கு இல்லை, பக்கத்தில் நின்றவளுக்கு இருந்தது. நான் வாய் திறக்குமுன் அக்கா என் காதில் சொன்னாள்: "பேசாத இருட்டி. அவளுக்கு யாருமே வரல."

மணி அடித்துவிட்டது.

பஸ்ஸில் அம்மா, "எம்பிள்ள அம்புட்டையும் தின்னுட்டா, பாத்தியா," என்று பூரித்துப்போனாள்.

அம்மா செத்து, அடுத்த திருவிழாவுக்கு நான் மட்டும் போனேன். என்னைக் கட்டிக்கொண்டு முதலில் கதறியவள் அக்கா இல்லை, அந்த மிட்டாயைத் தின்றவள்.